முழங்காலால் தட்டுபவன்

வீட்டு அடுப்பு
பால்பற்களைக் காட்டிச் சிரிக்கிறது.
நீலமாக, சின்னதாக,
யாரையும் கடிக்காமல்.

இருபத்திரண்டு வருடம் நான் நின்ற அடுப்பு உறுமும்.
வலது முழங்காலால் நெம்புகோலை இடித்தால்
தீ வாணலியைத் தாண்டி எழுந்து
என் புருவத்தை விசாரித்துவிட்டுப் போகும்.
குவாங்சோவில், ஆற்றுப் பாலத்தடியில் இருந்த அந்த உணவகத்தை
போன மாதக் கடைசியில் மூடியாயிற்று.
மேசைகளை எடைக்குப் போட்டார்கள்.
எனக்கு மிஞ்சியவை
இந்த வாணலி, ஒரு நீளக் கரண்டி,
முன்கையில் மயிர் முளைக்காத ஒரு பட்டை.

மருந்துக்கடையிலிருந்து மான் கீ
ஆறரைக்கு வருவாள்.
கல்யாணமான நாள்முதல் அவளுக்கு
ஒரு தட்டு நூடுல்ஸ் கிளறிக் கொடுத்ததில்லை நான்.
ஊருக்கெல்லாம் கிளறிவிட்டு
நள்ளிரவில் எண்ணெய் வாடையோடு ஏழு மாடி ஏறி
அவள் மூடிவைத்த கஞ்சியைக் குடித்துப் படுப்பவன்.

கோழித் தொடையை நாருக்குக் குறுக்கே அரிந்தேன்.
சோயா சாஸ், சோளமாவு, கொஞ்சம் வெள்ளைக்கரு,
ஈரம் ஓடிவிடாமல் இருக்க
மேலே ஓர் எண்ணெய்ச் சட்டை.
முட்டை நூடுல்ஸை முப்பது எண்ணும்வரை வெந்நீரில் முக்கி
மூங்கில் தட்டில் உதறிப் பரப்பி
மின்விசிறியின் முன்னால் வைத்தேன்.
பயறுமுளைக்கு வால் கிள்ள உட்கார்ந்தபோதுதான் உறைத்தது:
கடையில் இதை யாரோ செய்து கொடுத்தார்கள்,
வாளி வாளியாக.
லாம் என்று பெயர்.
இல்லை, லாம் மீன் கழுவுகிறவர்.

சாவி திரும்பும் சத்தம்.
வாணலியைப் புகையவிட்டேன்.
புகைந்தது, ஓர் ஊதுபத்தி அளவுக்கு.
கோழி உஸ்ஸென்றது. நல்ல சகுனம்.
அதை வழித்து வைத்துவிட்டு
நூடுல்ஸ் முழுவதையும் கவிழ்த்தேன்,
நாலு மேசைக் கணக்கில் பழகிய கை.
முழங்கால் தானாக எழும்பி
அடுப்படி அலமாரிக் கதவை இடித்தது.
தீ வளரவில்லை.
உள்ளே கிண்ணங்கள் கலகலத்தன.
மறுபடி இடித்தேன்.

வாணலிக்குள் கிளறலா நடந்தது,
பேருந்து நெரிசல்.
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து
வியர்த்து
களியாகிவிடலாம் என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தன.
வாணலியின் மூச்சு தட்டுவரைக்கும் வரணும் என்போம்
எங்கள் தொழிலில்.
இது மூச்சுத்திணறல்.

மான் கீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
எட்டிப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை, அதற்கு நன்றி.
கரண்டியை வாங்கி
முக்கால்வாசியை ஒரு தட்டில் ஒதுக்கினாள்.
"இந்த அடுப்புக்கு ஒரு ஆள் பசிதான் புரியும்.
ரெண்டு ஆள் என்றால் அழும்."
பத்தொன்பது வருடம்
அதோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறாள்.

ஒரே கைப்பிடி.
"தொடாதே, விடு" என்றாள்.
விட்டேன். அதுதான் கஷ்டம்.
கரண்டி பிடித்த கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது.
அடிப்பக்கம் பொன்னிறமாகி
ஓரம் மொறுமொறுத்து
இரும்பை விட்டுத் தானே நழுவியது.
அப்புறம் கோழி, பயறுமுளை, மஞ்சள் பூண்டுத்தாள்.
கறுப்பு சோயாவை வாணலிச் சுவரோடு சுற்றிவிட,
ஒரு நொடி,
ஒரே ஒரு நொடி,
பாலத்தடி வாசனை வந்துவிட்டுப் போனது.

நின்றபடியே சாப்பிட்டாள்,
தீய்ந்த இழைகளைத் தேடித் தேடி.
உப்பு குறைச்சல் என்றாள்.
இதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை;
நடுவில் எப்போதும்
ஒரு சுவரும் ஒரு மணியும் இருந்தன.

அடுத்த கைப்பிடி எனக்கு.
அதை அவள் கிளறினாள்.
நான் மேசையில்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

மூன்றாவதற்கு நான் எழுந்தேன்.
எப்படியோ முழங்கால் மறுபடி
கதவை இடித்துவிட்டது.
"யாரது?" என்றாள்
வாய் நிறைய நூடுல்ஸோடு.
நான்தான் என்றேன்.