ஒரே ஆள்

அக்ஷயா சென்டரில் டோக்கன் முப்பத்தேழு.
ரேஷன் கார்டில் அப்பா ஆறுச்சாமி,
என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஆறுமுகன்.
எழுதிய டீச்சர்
எல்லாம் ஒரே சாமிதானே என்று நினைத்திருக்கலாம்.

ஸ்காலர்ஷிப் கணினி அப்படி நினைப்பதில்லை.
இனிஷியலையும் துருவுகிறது:
கொழிஞ்சாம்பாறையில் பெயருக்குப் பின்னால்,
படிக்கிற கோவையில் பெயருக்கு முன்னால்.
எங்கே நின்றாலும் ஒற்றை எழுத்து,
வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் பெறும்.

அங்கே கேட்டால், நீ கேரளா.
இங்கே கேட்டால், வெளியே அல்லவா படிக்கிறாய்.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
தக்காளி வண்டியைக்கூட
ஒருமுறைதான் நிறுத்துகிறார்கள்.

நாலாவது நடையில் வில்லேஜ் ஆபீசர்
முத்திரை குத்திக் கொடுத்தார்:
மேற்படி இருவரும் ஒரே ஆள்.
அப்பா மலையாளத்தை எழுத்துக்கூட்டி முடித்து
"ரெண்டு ஆளா இருந்திருந்தா
ரெண்டு சம்பளம் வந்திருக்குமே சாமி,
இந்தக் காயிதமே வேண்டியதில்ல" என்றார்.

இன்று கடைசி நாள்.
ஓடிபி அப்பாவின் போனுக்குப் போயிருக்கிறது.
போன், கஞ்சிக்கோட்டு உருக்காலையில்
அவர் சட்டைப்பைக்குள்
ஆணியில் தொங்குகிறது.
அவர் உலைக்கு முன்னால்.

திரையில்
நாற்பத்தொன்று, நாற்பது,
முப்பத்தொன்பது.