விருந்தினர் உபசரிப்பு, தண்ணீர்

கிண்டியில் நாலு முறை தோற்ற என் மச்சான்
போனில் கேட்டான்:
பந்தயம் கட்டக் கூடாது, டிக்கெட்டும் கிடையாது,
அப்புறம் யார்தான் காசு போடுவது?

நல்ல கேள்வி.
பதினோரு வருஷமாக அதற்குப் பதில் எழுதுவதுதான்
எனக்கு உத்தியோகம்.

முசன்னாவுக்கு வெளியே,
கார் உதிரிபாகக் கடைகள் முடிகிற இடத்தில்
வட்டமாக ஆயிரத்து இருநூறு மீட்டர் மணல்.
உள்ளும் புறமும் வெள்ளைக் கம்பி வேலி.
வருஷத்துக்கு இருமுறை பெயின்ட்.
கடலுக்குக் கடன்பட்டவர்கள் நாங்கள்,
உப்பு தவறாமல் வசூலுக்கு வரும்.

இந்த ஓமானில் ரியாலுக்கு ஆயிரம் பைசா.
புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்.
இல்லாத காசைக்கூட
நுணுக்கமாகத்தான் எழுத வேண்டும்.

பரிசுக் கோப்பை சிமென்ட் கம்பெனியுடையது.
லாயத்துக் கூரை ஒரு டயர் ஏஜென்சி,
மழையில் ஒழுகுகிற மூலை மட்டும் எங்களுடையது.
பேரீச்சை வியாபாரி முபாரக் ஐநூறு ரியால் என்றார்,
நாற்பது பெட்டி பேரீச்சம்பழம் அனுப்பினார்.
வரவில் எப்படிக் காட்டுவதென்று தெரியாமல்
தின்ன ஆரம்பித்தோம்.

கோப்பைக்குக் கொடுக்க ஆள் உண்டு,
அதில் பேர் பொறிக்கலாம்.
தண்ணீரில் எவன் பேரைப் பொறிக்க?

தண்ணீர்தான் செலவே.
தினம் ஐந்து டேங்கர்,
ஊர்க் கக்கூசிலிருந்து போனதை
முனிசிபாலிட்டி வடிகட்டித் தருவது.
செம்புலிங்கத்தின் வண்டி தெளித்துக்கொண்டே போக,
பின்னால் குல்ஷேர் டிராக்டரில்
மணலுக்குத் தலை வாரிவிடுவான்.
நனைந்த மணல் குளம்பை வாங்கிக்கொள்ளும்.
காய்ந்த மணல் திருப்பி அடிக்கும்.
நான் இதைக் கற்றது
டாக்டர் இத்ரிசின் பில்களில்.

இந்த வருஷம் சிமென்ட் கம்பெனி வரவில்லை.
கமிட்டி கூடியது. கஹ்வா, அல்வா.
எங்கே குறைக்கலாம்?
கூடாரத்தில் முடியாது, மந்திரி வருவார்.
வீடியோவில் முடியாது, கூடாரத்தைப் படமெடுக்க வேண்டும்.
எல்லாரும் என் தாளைப் பார்த்தார்கள்.
ஐந்தை மூன்றாக்கினேன்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்.
அழகான மூன்று.

பிப்ரவரி, மூன்றாம் வெள்ளி, நாலாவது ஓட்டம்.
கடைசி வளைவில் நஸீம் என்ற செங்குதிரை
ஓர் அடியை யோசித்து வைத்த மாதிரி இருந்தது.
அவ்வளவுதான். விழவில்லை.
ஐந்தாவதாக வந்து, சேணம் இறக்கியதும்
முன்னங்கால் ஒன்றைத் தரையில் வைக்காமல் நின்றது,
கைமாற்று கேட்க வந்தவன்
உள்ளே வரத் தயங்கி நிற்பதுபோல.
ஆறு மாதம் ஓய்வு என்றார் இத்ரிஸ்.
சொந்தக்காரர் ஹமூத் வந்து என் தோளில் தட்டி
அல்லாஹ்வின் விதி என்றார்.
நான் தலையாட்டினேன்.

மறுநாள் உச்சிவெயிலில் போய்
பால்பாயிண்ட் பேனாவை மணலில் குத்திப் பார்த்தேன்.
நேர்ப் பாதையில் மூடி வரை இறங்கியது.
வளைவில் அரை அங்குலம்,
முனை உடைந்தது.

இரண்டு மாதச் சம்பளம் எனக்கும் பாக்கி.
அந்தத் தைரியத்தில் ஒரு காரியம் செய்தேன்.
பராமரிப்பு: டேங்கர் மூன்று. அது அப்படியே இருக்கட்டும்.
விருந்தினர் உபசரிப்பின் கீழே புதிதாய் ஒரு வரி:
தண்ணீர், தினம் இரண்டு நடை, 28.000.
இந்தக் கரையில் எவரும்
உபசரிப்பைக் குறைத்ததாகச் சரித்திரம் இல்லை.

மார்ச் கடைசியில் ஆடிட்டர் வந்தார்.
மங்களூர்க்காரர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர்.
அந்த வரியில் விரலை வைத்தார்.
"இவ்வளவு தண்ணீரா? யார் விருந்தாளி?"

ஜன்னலுக்கு வெளியே
வளைவில் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தான் செம்புலிங்கம்.
ஹமூத்தின் சின்னக் குதிரை, பேரே இன்னும் வைக்காதது,
ஈரத்தை முகர்ந்து தும்மியது.

பில் இருக்கிறதா என்றார்.
இருந்தது. எல்லா நடைக்கும், தேதி போட்டு, சீல் வைத்து.
வெகுநேரம் புரட்டினார்.
பிறகு மேசையில் இருந்த பெட்டியிலிருந்து
ஒரு பழத்தை வாயில் போட்டு,
கொட்டையை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு கேட்டார்:

"இது எந்தக் கணக்கில்?"