செவ்வாய்க்கிழமை ஊசி

உலான்பாதரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மருந்து உறைந்துவிடாமல் இருக்க
இங்கே அதைக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கிறோம்.

பதினாறு பேர். வாரம் ஒரு ஊசி.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி
தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்துவேன்.

ஜம்பல் முதல் நாளே கேட்டார்,
இதற்குப் பெயரென்ன?
லாம்டா என்றேன். தாளில் எழுதிக் காட்டினேன்.
"ஒரு காலை நீட்டிக்கொண்டு
கதவில் சாய்ந்து நிற்கிறவன் மாதிரி இருக்கிறானே."
மின்நிலையத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
அவர் கண்ணுக்கு எல்லாமே எடை, சாய்மானம்.

சொன்னது சரிதான்.
இவனுக்கு அண்ணன்மார் உண்டு, ஆல்ஃபா, பீட்டா.
ஒரு கிருமி கண்ணில் பட்டால் போதும்
ஊரையே தட்டி எழுப்புவார்கள்.
காய்ச்சல், மூட்டுவலி, கொத்தாய் முடி,
ஜன்னலைப் பார்த்தபடி காரணமில்லாத அழுகை.
ஆல்ஃபா ஊசியைப் பத்து வருஷம் போட்டிருக்கிறேன்.
செரெந்துலம் என்றொரு கணக்காளர்
பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்:
"கிருமியோடு வாழ்ந்துவிடுகிறேன்.
என்னோடுதான் வாழ முடியவில்லை."

இவன் சத்தம் போடுவதில்லை.
மூக்கு, நுரையீரல், குடல் என்று
உடம்பு உலகத்தைத் தொடும் இடங்களில்தான்
இவன் குரலுக்குக் காது.
எங்கள் கூடாரங்களில் வாசற்படியை யாரும் மிதிப்பதில்லை;
மிதித்தால் வீட்டுக்காரனின் கழுத்தை மிதித்த மாதிரி.
இவன் காவல் அந்தப் படிக்கு.

ஈரலுக்கும் அந்தக் காது உண்டு.
அதை நம்பித்தான் இந்த ஊசி.
இவர்கள் ஈரலில் இருப்பது டி.
தனக்கென்று சட்டை இல்லாத கிருமி,
பி-யின் சட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு
வீடு வீடாகப் போகும்.
எந்தப் பல் வைத்தியரிடம் வந்தது,
எந்தப் பள்ளிக்கூட வரிசையில்
கையைச் சுருட்டிவிட்டு நின்றபோது,
யாருக்கும் தெரியாது. கேட்பதும் இல்லை.

முதல் வாரங்கள் நல்ல வாரங்கள்.
யாரும் அழவில்லை.
ஜம்பல் ஒரு ஷிஃப்டும் விடவில்லை.
பன்னிரண்டாம் வாரம் அவருடைய தாளில்
வைரஸுக்கு நேரே "காணவில்லை" என்று வந்தது,
தொலைந்துபோன ஆட்டைப் பற்றி எழுதியது போல.

பிறகு ஆறாம் எண் நோயாளியின் கண்.
மஞ்சள் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை,
டியூப்லைட் என்றேன்.
ஜன்னலருகே கூட்டிப்போனேன்.
வெளியே நிலக்கரிப் புகை; அந்த வெளிச்சமும் மஞ்சள்தான்.
ரத்தம் மட்டும் சுற்றி வளைக்காமல் சொன்னது.
அடுத்த வாரம் பதினோராம் எண்,
வயிற்றில் நீர்.

மெல்லப் பேசுகிறவன் என்று நம்பியிருந்தோம்.
கேட்கிற காது ஏற்கெனவே புண்ணாயிருந்தால்
மெல்லிய குரலும் அடிதான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் கந்துல்கா சொன்னார், நிறுத்து.
பதினாறு தொலைபேசி.
பதினைந்து பேர் சரி என்றார்கள்.
ஜம்பல், கிரேன் கூண்டிலிருந்து,
காற்றுக்கு மேலே கத்தினார்:
"எனக்குத்தான் காணவில்லையே!
எனக்கு ஏன் நிறுத்தவேண்டும்?"

என்னிடம் படித்துக் காட்ட ஒரு காகிதம் இருந்தது.
மூன்றாம் பத்தி வரை படித்தேன்.
"அது சரி. ஆனால் எனக்கு?" என்றார்.
நான்காம் பத்தி இல்லை.

மீந்த ஊசிகள் நாற்பத்திரண்டு.
எண்ணி, கையெழுத்திட்டு, பெட்டியை மூடினேன்.
பஸ் நிறுத்தத்தில் ஊரே இருமிக்கொண்டிருந்தது.
அத்தனை மூக்கிலும், நான் குத்தாத லாம்டா
தன்பாட்டுக்குச் சுரந்திருக்கும்,
வேண்டிய அளவு, சில சமயம் அதற்கு மேலும்.
அதிக நாள் நின்றுவிட்டால்
நுரையீரல் தன் கிழிசலைத் தைத்துக்கொள்ள விடமாட்டான் என்கிறார்கள்;
காவல்காரன் வாசலை அடைத்து நிற்கும்வரை
கொத்தனார் உள்ளே போக வழியில்லை.

தூரத்தில் புகைபோக்கிகள்.
அவற்றினடியில் ஒரு கிரேன்
எதையோ தூக்கிவிட்டு, இறக்க இடம் கிடைக்காமல்
ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.