மூன்றாம் சலவை

வியாழன் மாலை ஆறரைக்கு
சென்ட் காலன் மலைச்சரிவில் ஒரு பள்ளிக்கூட அறை.
பதினொரு பெண்களும் நானும்.
முதல் நாள் கதவைத் திறந்தவள்
குழாய் திருத்த வந்த ஆளென்று நினைத்து
கைகழுவும் தொட்டியைக் காட்டினாள்.
அதையும் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருந்தேன்.
வாஷர் தேய்ந்திருந்தது.

இரண்டு வருடம் முடிகிறது.
படைப்போடு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம்:
உங்களுக்குள் என்ன மாறியது?
கேட்பவள் செராய்னா, எங்கள் ஆசிரியை,
என் மூத்த மகளைவிட ஒரு வயது கூட.

ஜெர்மனில் எழுதவேண்டும்.
அந்த மொழியில் நூல் ஆண், ஊசி பெண்,
துணி இரண்டுமில்லை.
தமிழில் மூன்றும் அஃறிணை,
ஒரே பாயில் இருத்திவிடலாம்.
இங்கே ஒவ்வொன்றின் முன்னும் நிற்கிறேன்,
பெயர் தெரியாத வீட்டின்
அழைப்புமணிக்கு முன் நிற்பதுபோல.

பகலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். பத்தொன்பது வருடம்.
ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு.
முதல் சலவைக்குப் போகாத கறை இரண்டாவதில் போகும்.
மூன்றாவதிலும் நின்றால் நீலத் தொட்டி.
கிழித்துத் துடைதுணி ஆக்குவார்கள்.

"நாள் முழுக்கத் துணி,
பிறகு காசு கட்டியும் துணியோ?"
யோகமலர் கேட்டாள்.
என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் பாதிதான்.

தையல் எனக்கு லேசில் வரவில்லை.
சங்கிலித்தையல் போட்டால்
சங்கிலி தன்பாட்டில் எங்கோ இழுத்துக்கொண்டு போகும்.
பிழைத்த இடத்தில் மேலே இன்னொன்று போட்டு மூடுவேன்.
மூடுவதில் எனக்கு நல்ல பழக்கம்.
செராய்னா ஒன்றும் சொல்லமாட்டாள்.
சின்னக் கத்தரிக்கோலை
ஒரு விரலால் மேசையில்
என் பக்கம் தள்ளிவிடுவாள்.
முதல் குளிர்காலம் முழுக்கப் பிரித்தேன்.

இறுதிப் படைப்புக்கு
நீலத் தொட்டியிலிருந்து ஒரு விரிப்புக் கேட்டேன்.
மேலாளர் புரூலிசவர்
மூன்று படிவம் நிரப்பவைத்து, பிறகு
எதற்கு என்றார்.
பார்க்க, என்றேன்.
எண்ணூறு எண்ணூறாய்த் தொட்டவன்,
ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

உள்ளங்கை அளவு கறை, தேன்நிறம்.
அதன் ஓரத்தைத் தொட்டு ஒரு வரி சாம்பல் நூல்.
ஓர் அரிசி தள்ளி அடுத்தது.
பிறகு அடுத்தது,
மலை வரைபடத்தின் உயரக்கோடுகள்போல
நாற்பத்தாறு.
ஒக்டோபரில் தொடங்கியது, பனி கரையும்போதுதான் நின்றது.

"என்ன கறை இது?" ரெகுலா கேட்டாள்.
தேநீர், என்றேன்.
அயடின். எனக்குத் தெரியும்.
யாருடைய உடம்பு, எந்தக் கட்டில்,
எழும்பிப் போனாரா இல்லையா,
அது தெரியாது.
வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்
அந்தத் தேநீர் தொண்டையிலேயே நின்றது.

அடுத்த வியாழன் அவளிடம் போய்
தேநீர் இல்லை, என்றேன்.
சொன்னேன்.
துணிமேல் இருந்த கையை
அவள் எடுக்கவில்லை.

ஒரு பக்கம் கேட்டார்கள், என்னிடம் நாலு வரி:
முன்பு மூடுவேன். இப்போது பிரிக்கிறேன்.
பிரிக்க நேரம் கூட எடுக்கும்.
நூல் வீணாகும்.
கை மட்டும் கொஞ்சம் பொறுமையாகிறது.
சிவப்பு மையில் ஒரு திருத்தம் வந்தது:
நூலை நான் பெண்ணாக்கியிருந்தேன்.

கடைசி நாள், கேக், கைதட்டல், சான்றிதழ்.
தில்லைநாதனில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.
சம்பளச் சீட்டில் அப்படித்தான்,
தபால்பெட்டியில், பல்வைத்தியரிடத்தில் அப்படித்தான்.
பத்தொன்பது வருடம் வாய் திறக்காமல்
அந்த ஆளாகவே இருந்திருக்கிறேன்.

சான்றிதழை மேசையில் வைத்தேன்.
அதன்மேல் சின்னக் கத்தரிக்கோலை வைத்து
ஒரு விரலால்
செராய்னா பக்கம் தள்ளினேன்.

திங்கள், காலை ஐந்தே முக்கால்.
மூன்றாம் சலவை வந்தது.
ஒரு விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்,
வேண்டியதைவிட ஒரு நொடி கூட.
பிறகு நீலத் தொட்டி.
பட்டி ஓடிக்கொண்டிருந்தது,
அடுத்தது வந்துவிட்டது.