கட்டைவிரல்

ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில்
சோப்பு நுரைக்கும்.
போர் தண்ணீரில் திரிந்த பால்போல்
விரலிடுக்கில் நிற்கும்.
அன்றைக்கும் நாற்பது விநாடிதான்.

நான் எண்ணுவதில்லை. ஊர் சொல்லிக்கொள்வேன்.
பென்னாகரத்தில் உள்ளங்கை
இண்டூரில் புறங்கை
அதகப்பாடியில் விரலிடுக்கு
சோகத்தூரில் முட்டி
தர்மபுரி நாலு ரோட்டில் விரல்நுனி.
தினமும் நான் வருகிற பஸ்தான்.
இறங்கியதும் முழங்கையால் குழாயை மூடுவேன்.

பச்சிளங்குழந்தை வார்டில் பதினோரு வருஷம்.
மோதிரம் பீரோவில்.
தாலியை ஊக்குப் போட்டு உள்ளே குத்திக்கொள்வேன்.
பெரிய டாக்டர் ஒரு தொட்டிலிலிருந்து
மறு தொட்டிலுக்குக் கை நீட்டினால்
நடுவில் என் சானிடைசர் பாட்டில் நீளும்.
பேச்சில்லை.
அவரும் தேய்த்துக்கொண்டே வேறெதையோ விசாரிப்பார்.

ஐப்பசியில்
நாலாம் தொட்டில் பால் குடிக்க மறுத்தது.
ஆயிரத்து நானூறு கிராம்.
மறுநாள் ஏழாம் தொட்டில்.
இரண்டு ரத்தத்திலும் ஒரே கிருமி என்றது லேப்.
வசந்தகோகிலா மேடம் பஞ்சுக்குச்சிகளோடு வந்தார்.
குழாய், தராசு, ஸ்டெதாஸ்கோப்பின் வட்டம்,
மாப் நனைக்கும் வாளி,
பிறகு எங்கள் கைகள், வரிசையாக.

மூன்றாம் நாள் தட்டுகளைக் காட்டினார்.
வார்டு கூட்டும் மாதம்மாளின் தட்டு
துடைத்தாற்போல் இருந்தது.
என்னுடையதில்
கட்டைவிரல் பதிந்த இடத்தில்
குருணை குருணையாக ஐந்தாறு.
"உன்னாலதான்னு அர்த்தம் இல்ல" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"உன்னால இல்லன்னும் சொல்ல முடியாது."
யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

அன்றிரவு பஸ்ஸில் திரும்பும்போது
மடியில் கைகளை வைத்துக்கொண்டு எண்ணினேன்.
படிகள் ஆறு. ஊர்கள் ஐந்து.
கட்டைவிரலுக்கு நான் ஊரே வைக்கவில்லை.

நாலு பிழைத்துக்கொண்டது.
அதன் அம்மா நவநீதா
பாலக்கோட்டுப் பக்கம், பிரசவத்துக்கு முந்தின நாள்வரை
தக்காளி பறித்தவள்.
ஒன்பது நாள் கண்ணாடிக்கு அப்பால் நின்றவளை
உள்ளே கூப்பிட்டபோது
கையைப் புடவைக்குள் ஒளித்தாள்.
"அழுக்கில்ல சிஸ்டர், செடிக்கறை. எவ்ளோ தேச்சாலும் போகல."
நகக்கண்ணெல்லாம் கறுத்த பச்சை.
என் கையைப் பார்த்தேன்,
வெளுத்து, வெடித்து, பார்வைக்கு அத்தனை சுத்தம்.

ஒரே குழாயில் இரண்டு பேரும் கழுவினோம்.
போர் தண்ணீர். நுரையில்லை.
"போதுமா சிஸ்டர்?"
"கட்டைவிரல்" என்றேன்,
அவளுக்குச் சொன்னேனா எனக்கா என்று தெரியாமல்.

ஏழாம் தொட்டிலைக் கழற்றிக் கழுவி
காயவைத்து
வேறொரு பெயர் எழுதி ஒட்டியாயிற்று.

இப்போதும் ஊர் சொல்லித்தான் கழுவுகிறேன்.
சோகத்தூர் தாண்டி,
நாலு ரோட்டுக்கு முன்னால்,
கட்டைவிரலை மற்ற கையால் பற்றித் திருகும்போது
"ஏழு" என்கிறேன்.
பஸ் அங்கே நிற்பதில்லை.