பொருள் விவரம்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பின்னால்
நான்காவது ஷட்டர் எங்கள் பார்சல் ஆபீஸ்.
எழுதாமல் எதையும் லாரியில் ஏற்றுவதில்லை நான்.
அனுப்புநர், பெறுநர், உருப்படி,
பொருள் விவரம்.

மு. மாதேவி, வேப்பனப்பள்ளி ரோடு,
முதன்முதல் வந்தது இரண்டாயிரத்து நான்கில்.
மாங்கூழ் கம்பெனிச் சாக்கில் தைத்து மூடிய ஆறு பலகை.
பெயின்டிங் என்றாள்.
சாமி படமா?
இல்லைங்க, பாதி மலை.
மீதி மலை எங்கே என்று நான் கேட்கவில்லை,
இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.
கதவுப் பலகை, ஆறு
என்று எழுதிச் சென்னைக்கு ஏற்றினேன்.

அடுத்த வருஷம் பதினெட்டு பெயின்ட் டின்.
உள்ளே கிரானைட் அறுக்கும்போது ஓடுமே,
அந்தச் சாம்பல் சேறு. டெல்லிக்கு.
அங்கே சேறு கிடைக்காதா என்றேன்.
இந்தச் சேறு கிடைக்காது என்றாள்.
சுண்ணாம்பு என்று எழுதினேன்.
ஓசூர் தாண்டுவதற்குள் ஒரு டின் ஒழுகி
யாருடைய பட்டுக்கூடு மூட்டை மேலோ வழிந்துவிட்டது.
நஷ்டத்தை நான் கட்டினேன்,
மூன்று தவணையில் திருப்பித் தந்தாள்,
கடைசித் தவணை முழுக்கச் சில்லறை.

பிறகு நாலு வருஷம் ஆளைக் காணோம்.
கல்யாணம் ஆகி, அது இல்லையென்றும் ஆகி,
ஃப்ளெக்ஸ் கடையில்
காதுகுத்து பேனருக்குத் தாய்மாமன் முகங்களை
வெளுப்பாக்கிக்கொண்டிருப்பதாக
டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அந்த நாலு வருஷத்தையும் ஒரே சுருளாய்க் கொண்டுவந்தாள்:
நாற்பது அடி ஃப்ளெக்ஸில்
வெளுக்கும் முன்பிருந்த முகங்கள்,
பேரில்லை, பட்டமில்லை, மாலையில்லை.
அதை மட்டும்தான் குடோனில் விரித்துப் பார்த்தேன்.
மூன்றாம் வரிசையில் என் மச்சான்,
அவன் அம்மா பெற்ற நிறத்தில்.
பழைய பேனர் என்று எழுதினேன்.

பல் எடுத்தது அதற்கப்புறம்.
போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த வாய்கள் எங்களுடையவை,
மஞ்சளும் பழுப்பும் வரிவரியாக ஓடும்.
என் கல்யாண போட்டோவில்கூட நான் உதடு பிரிக்கவில்லை.
பசையை வாயில் திணித்துக் கடிங்க என்றாள்.
புதினா வாசம்.
இருநூற்றுப் பதினோரு வாய்,
பீங்கானில், அவரவர் கறையோடு,
கொச்சிக்கு ஏழு அட்டைப்பெட்டி.
அன்றைக்கு மட்டும் பொய் எழுதக் கை வரவில்லை.
பல் என்று எழுதினேன்.
உடையும் என்று சிவப்பு மையில் எழுதி
இரண்டு கோடு போட்டேன்.

ஐந்து பெட்டி திரும்பி வந்தது.
இரண்டை யாரோ வெளிநாட்டுக்காரர் வாங்கிவிட்டாராம்.
என் வாய் எதில் போனதென்று அவளுக்கும் தெரியாது.
பனி பெய்யும் ஏதோ ஊரில்
விருந்தாளிகள் முன்னால்
நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

அதன்பின் அவளால் எங்களுக்கு வருமானமில்லை,
எல்லாம் மெயிலிலேயே போய்விடுகிறது.
இருந்தும் ஒருநாள் வந்து போனை நீட்டினாள்.
கறுப்புத் திரை. தொப்பூர் இறக்கத்தில்
லாரிகள் பிரேக் பிடிக்கும் சத்தம், பதினெட்டு நிமிஷம்.
என் டிரைவர்கள் இரண்டு பேர் அந்த இறக்கத்தில் போனவர்கள்.
ஐந்தாவது நிமிஷத்தில் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.
அவள் ஏனென்று கேட்கவில்லை.
டீக்குக் காசு அவள்தான் கொடுத்தாள்.

நேற்று ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள்.
எதில் வேலை செய்கிறீர்கள், ஒரு வரியில் எழுதுக
என்று கேட்டிருக்கிறார்கள்.
நீங்கதான் இருபது வருஷமா எழுதறீங்களே,
பார்த்துச் சொல்லுங்க என்றாள்.
கரையான் தின்றது போக மிச்சமிருந்த கார்பன் தாள்களைப் பிரித்து
ஒவ்வொன்றாய் வாசித்தேன்.
கதவுப் பலகை.
சுண்ணாம்பு.
சுண்ணாம்பா, என்று
பேனாவை நிறுத்திச் சிரித்தாள்.
அவள் பல்லும் எங்கள் ஊர்ப் பல்தான்,
இத்தனை நாள் நான் பார்த்ததில்லை.
அதற்குள் சேலம் வண்டி ஹார்ன் அடித்தது.
என்ன எழுதினாளோ.
நான் எழுந்து லோடு ஏற்றப் போனேன்.