மெய்யெழுத்து

செவ்வாய்க்கிழமை மூட்டையைப் பிரித்துக் கொட்டியதும்
ஒரு சங்கு மட்டும் குவியலிலிருந்து
இறங்கி நடந்தது.

வறுவேல் அண்ணன் கடையில் எனக்கு
சங்கில் பெயர் எழுதுகிற வேலை.
ஆசிட் தொட்டிக்குப் பின்னால், வார்னிஷுக்கு முன்னால்
என் தூரிகை.
ஒரு பெயர் முப்பது ரூபாய். இதயம் வரைந்தால் நாற்பது.
"தொட்டியில போடு, செத்தா கழண்டுரும்" என்றார்.
சோற்று டப்பாவில் போட்டேன்.
அவியல் மணத்துக்குள் சுரண்டிக்கொண்டே
சின்னமுட்டம் வரை பஸ்ஸில் வந்தது.

நாய் கூடாது, பூனை கூடாது, கோழியும் கூடாது
என்று சொல்லித்தான் அறை தந்தார் தாணுமாலயன்.
நண்டைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

துறவி நண்டு என்றது பிரிமிளாவின் போன்.
இத்தனை சாமான் கேட்கிற துறவி!

உடைந்த பானையின் அடிப்பாதியில் ஒரு சாண் மணல்.
புட்டுக்கு மாவு நனைக்கிற பதம்:
பிடித்தால் பிடிபட வேண்டும்,
உதிர்த்தால் உதிர வேண்டும்.
கண்ணுள்ள பாதிச் சிரட்டையில்
ஹாக்ஸா பிளேடால் வாசல் அறுத்தேன்.
விளிம்பு என் விரலைக் கிழித்தது.
அதற்குக் காலல்லவா கிழியும் என்று
படிக்கல்லில் மறுபடி தேய்த்தேன்.
எறும்பு முட்டை போக வேகவைத்தபோது
"என்னட்டி, சிரட்டைக் கறியா?" என்றாள் பிரிமிளா.
கூரைக்குத் தொண்டு நார்,
ஏறி இறங்கப் பூவரசங்கொம்பு,
வெயில் மறைக்க வளைந்த கொதும்பு.
இரண்டு சிப்பியில் தண்ணீர், ஒன்றில் கடல், ஒன்றில் கிணறு.
பைப்புத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் மணம்.

மூன்று இரவு திரும்பியே பார்க்கவில்லை.
நாலாம் இரவு பின்பக்கமாய்த் தோண்டி
உள்ளே போனது.
நான் அறுத்த வாசல் சும்மா இருந்தது.

ஆனிச் சாரலில் உடம்பு
கூட்டுக்கு வெளியே பிதுங்கியது.
எங்கள் கடையில் இரண்டாயிரம் சங்கு இருக்கும்.
இருபது பொறுக்கி வந்து வைத்தேன்.
ஒவ்வொன்றிலும் கொடுக்கை விட்டு அளந்தது,
உள்சுவரைத் தடவியது,
விலகியது.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும்
வார்னிஷ் வார்னிஷாகவே மணத்தது.

ஞாயிறு பூசை முடிந்து
லீபுரம் வரை கரையோரம் நடந்தேன்.
ஒற்றைச் செருப்பு, நைலான் வலை,
நூறு நண்டு குடியேறும் அளவுக்கு பாட்டில் மூடிகள்.
முழுச் சங்கு ஒன்றுகூட இல்லை.
விடியுமுன் சாக்கோடு வருகிறார்கள்,
கிலோ கணக்கு.
அந்தச் சாக்கு எங்கே அவிழும் என்று
எனக்குத் தெரியும்.

அலமாரியில் சீப்புக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது.
வேலை கேட்டுப் போன அன்று
எழுதிக் காட்டச் சொல்லித் தந்தது.
ஆசிட் படாதது. வார்னிஷ் ஏறாதது.
ஆக்லின் என்று
என் பெயரையே எழுதியிருந்தேன்.
நாரும் மணலும் சேர்த்துத் தேய்த்தேன்.
ஆ போயிற்று. க் போயிற்று.
லி கொஞ்சம் அடம் பிடித்தது.
ன் மட்டும் சுழியின் வளைவில் இறங்கிவிட்டிருந்தது,
வேகவைத்தும் போகவில்லை.

மாறியதை நான் பார்க்கவில்லை.
விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்து
தூங்கிப்போனேன்.
காலையில் பழைய கூடு
சிரட்டை வாசலில் கிடந்தது.
என் வாசலில்.

அதைக் கழுவிக் கடைக்கு எடுத்துப் போனேன்.
நாக்பூர் ஜோடி, இரண்டு பெயரும் வேண்டும் என்றார்கள்.
சின்னச் சங்கு, ஒன்றுதான் பிடிக்கும் என்றேன்.
பெண்ணின் பெயரை எழுதினேன்.
முப்பது ரூபாய்.

இப்போது பூவரசங்கொம்பில்
ஏறிக்கொண்டிருக்கிறது ன்,
மெல்ல, ஒருபக்கமாய்,
புள்ளி கவிழாமல்.